நாட்டின் மகிழ்ச்சியும் பொருளாதாரமும்: தரவரிசையைக் காட்டி ஆட்சியை எடைபோடலாமா?

எண்ணும் எழுத்தும் (தொடக்கப் பதிவு)

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20ஆம் நாளை ஒட்டி, நாடுகளை மக்கள் தம் வாழ்க்கைக்குத் தரும் மதிப்பீட்டின்படி வரிசைப்படுத்தும் உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவந்ததும் ஒரே சண்டை மீண்டும் தொடங்கிவிடுகிறது. நாடு பட்டியலில் கீழே இருந்தால், பொருளாதாரம் படுத்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். வளர்ச்சி விகிதத்தைப் பாருங்கள், இதெல்லாம் வெளியாட்கள் போட்ட பட்டியல் என்று ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். ஆட்சி மாறினால் இந்த வசனங்கள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் கைமாறுவதை எந்த நாட்டிலும் பார்க்கலாம்.

இரு தரப்பாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்பது என் கருத்து. மக்கள் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் மதிப்பீடும், மொத்த உள்நாட்டு உற்பத்தியும் ஒன்றையே அளக்கின்றன என்றும், ஒன்று சரியென்றால் மற்றது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பின்லாந்து 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை முதலிடம் பெற்றது. அதே பின்லாந்தின் பொருளாதாரம் 2023இல் சுருங்கியது. அதன்பின் வேலையின்மையும் ஏறியது. அமெரிக்காவோ பெருந்தொற்றுக்குப் பின் பெரும் பணக்கார நாடுகளுள் விரைவாக மீண்டெழுந்த ஒன்று. ஆனால் 2012இல் வந்த முதல் அறிக்கையில் 11ஆம் இடத்தில் இருந்த அந்நாடு 2024இல் 23ஆம் இடத்துக்கும் 2025இல் 24ஆம் இடத்துக்கும் இறங்கியது. இரண்டு அளவுகளும் உண்மையாகவே இருக்கும்போது, அவற்றுக்கு இடையே விழும் இடைவெளிக்கு எந்த ஆட்சி எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதே அரசியல் கேள்வியாக இருக்க வேண்டும். அதைப் பேச விரும்புவோர் வரலாம்.

வளர்ச்சிப்பாதை

நண்பரே, நீங்கள் விதிவிலக்குகளைக் காட்டி விதியை மறைக்கிறீர்கள். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசியுங்கள். பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து, சுவீடன், நெதர்லாந்து என்று செல்வ நாடுகளே வரிசையாக வருகின்றன. அடித்தட்டில் ஆப்கானிஸ்தான் நிற்கிறது. 0 முதல் 10 வரையிலான அளவில், 2025 அறிக்கையின்படி, முதலிடத்தின் சராசரி 7.7க்குச் சற்று மேல், கடைசி இடத்தின் சராசரி 1.4க்கும் கீழ். இந்தப் பள்ளத்தில் கணிசமான பங்கை வருமானமும் வருமானத்தால் வாங்கக்கூடிய நல்ல உடல்நலமுமே விளக்கிவிடுகின்றன.

வருமானம் ஓர் எல்லைக்கு மேல் பயன் தராது என்ற பழைய வாதத்துக்கும் பதில் வந்துவிட்டது. பொருளியலாளர்கள் பெட்சி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வோல்ஃபர்ஸும் 2008இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வருமானம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வாழ்க்கை மதிப்பீடு ஏறக்குறைய ஒரே அளவு ஏறுவதையும், அந்த ஏற்றம் நின்றுவிடும் எல்லை எதுவும் தென்படாததையும் காட்டினார்கள். ஆகவே வளர்ச்சியை இகழ்ந்துவிட்டு மகிழ்ச்சியைப் பேசுவது, உண்டு முடித்தவர் பசித்தவருக்கு நோன்பின் பெருமையை எடுத்துரைப்பதைப் போன்றது. ஓர் அரசு வளர்ச்சி விகிதத்தைப் பெருமையாகச் சொன்னால் அதில் தவறே இல்லை.

சிவப்புத்துண்டு

வளர்ச்சியை யாரும் இகழவில்லை, தோழர். யாருடைய வளர்ச்சி என்றுதான் கேட்கிறோம். நீங்கள் சொன்ன இரட்டிப்புக் கணக்கே எங்கள் பக்கத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. குறைந்த வருமானம் இரட்டிப்பானாலும் மிகப் பெரிய வருமானம் இரட்டிப்பானாலும் மதிப்பீடு ஒரே அளவு ஏறும் என்றால், மேலே ஒருவருக்கு அந்த ஏற்றத்தைத் தரத் தேவைப்படும் பணத்தில் கீழே நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதையே தந்துவிடலாம். சராசரியை மட்டும் உயர்த்திக் காட்டும் வளர்ச்சி, மக்களின் நிம்மதியைப் பொறுத்தவரை மிகவும் செலவு பிடித்த வழி.

நாடுகளை ஒரே காலத்தில் ஒப்பிடுவது ஒன்று. ஒரே நாட்டைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்ப்பது வேறு. பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் எழுப்பிய கேள்வி இரண்டாவதைப் பற்றியது. பணக்காரர் ஏழையைவிட நிறைவாக இருக்கிறார்; ஆனால் நாடு முழுவதும் பணக்கார நாடாகும்போது நிறைவு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. இதற்கான பதிலை இன்றுவரை ஆய்வாளர்கள் முடித்துவைக்கவில்லை. நீங்கள் முடிந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள்.

அரசியல் பாடம் வேண்டுமென்றால் எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் அதன் பொருளாதாரம் 5 விழுக்காட்டை ஒட்டி வளர்ந்துகொண்டிருந்தது. பன்னாட்டு அமைப்புகள் பாராட்டுரை எழுதிக்கொண்டிருந்தன. அதே ஆண்டுகளில் கேலப் நிறுவனம் எடுத்த கணிப்புகளில், தம் வாழ்க்கை செழிப்பாக இருப்பதாகக் கருதிய எகிப்தியர்களின் பங்கு தொடர்ந்து சரிந்தது. 2011 சனவரியில் அங்கே வெடித்த மக்கள் கிளர்ச்சி எல்லாருக்கும் தெரியும். துனிசியாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்த ஆட்சியாளர்களுக்குக் கடைசி நாள்வரை எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

மழைக்காகம்

வெனிசுவேலா 2013இல் மக்களின் உச்ச சமூக மகிழ்ச்சிக்கென்றே துணை அமைச்சகம் ஒன்றைத் திறந்தது. அதன்பின் அந்நாட்டுப் பொருளாதாரம் சரிந்து விழுந்த கதையை நான் விளக்க வேண்டியதில்லை. மகிழ்ச்சிக்கு அமைச்சரைப் போடும் அரசுகளைக் கண்டால் என் கை தானாகவே சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது. பெரியவர்களே, தொடருங்கள்.

புள்ளிக்கோலம்

நான் கருத்துக்கணிப்புக் களப்பணியில் இருப்பவள். இந்த அறிக்கைக்காக அல்ல, இதைப் போன்ற வேறு ஆய்வுகளுக்காக. இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது.

ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறோம். அடிப்படி 0, உச்சிப்படி 10. உச்சி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடி என்பது மிக மோசமான வாழ்க்கை; இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்? கேள்வி இவ்வளவுதான். இதில் அரசு இல்லை, நாடு இல்லை, பொருளாதாரம் இல்லை. கேள்வியைக் கேட்டதும் பெரும்பாலோர் ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள். சிலர் வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் ஏழு, கிடைக்காவிட்டால் நான்கு, எதை எழுதிக்கொள்வீர்கள் என்று கேட்பவரும் உண்டு. எது சரியான விடை என்று என்னிடமே கேட்பவர்கள் கடைசியில் ஐந்தில் போய் நிற்பார்கள். இப்படி நாட்டுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் ஆயிரம் பேர் தரும் விடைகளை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அதுவே அந்த நாட்டின் மதிப்பெண்.

நாளிதழ்களில்கூடத் தவறாக வரும் ஒன்றையும் இங்கே திருத்திவிட வேண்டும். தனிநபர் வருமானம், துன்பத்தில் துணைநிற்க ஆள், நலமான ஆயுள், முடிவெடுக்கும் சுதந்திரம், ஈகை, ஊழல் பற்றிய எண்ணம் ஆகிய ஆறையும் கூட்டித் தரவரிசை போடுவதாகப் பலரும் எழுதுகிறார்கள். தரவரிசை முழுக்க அந்த ஏணிக் கேள்வியின் விடையிலிருந்து மட்டுமே வருகிறது. நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்கிப் பார்ப்பதற்கு மட்டுமே அந்த ஆறும் பயன்படுகின்றன. எனவே வருமானத்தை அவர்கள் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும், ஊழலைக் கூட்டிக் கணக்கிட்டுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் காற்றில் கத்தி வீசுவதுதான்.

நடுவில் இருக்கும் நாடுகளின் மதிப்பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், பிழை வரம்புக்குள்ளேயே பத்துப் பதினைந்து இடங்கள் ஏறி இறங்கக்கூடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஐந்து இடம் முன்னேறினோம் என்று சுவரொட்டி ஒட்டுவதற்கும், ஐந்து இடம் சரிந்தோம் என்று கண்டன அறிக்கை விடுவதற்கும் புள்ளியியலில் இடமில்லை.

வளர்ச்சிப்பாதை

அம்மா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அது என் ஐயத்தைக் கூட்டவே செய்கிறது. 2025 அறிக்கையில் 147 நாடுகளில் பாகிஸ்தானுக்கு 109ஆம் இடம், இந்தியாவுக்கு 118ஆம் இடம். அந்த அறிக்கை எடுத்துக்கொண்ட ஆண்டுகளுக்குள்தான் பாகிஸ்தானின் பணவீக்கம் 38 விழுக்காட்டைத் தொட்டது. அந்நாடு பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனை நம்பி நின்றது. அப்படியிருந்தும் அங்கே உள்ளவர் உயர்ந்த படியைச் சொல்கிறார் என்றால், அந்த விடை எதிர்பார்ப்பையும் பழக்கத்தையும் அளக்கிறதே ஒழிய வாழ்நிலையை அளக்கவில்லை.

போதாததற்குக் கட்சிப் பற்றும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக நுகர்வோர் மனநிலையை அளந்துவருகிறது. 2020 நவம்பர் தேர்தலுக்குப் பின் குடியரசுக் கட்சியினரின் நம்பிக்கை தலைகுப்புற விழுந்தது, ஜனநாயகக் கட்சியினரின் நம்பிக்கை எழுந்தது. 2024 நவம்பருக்குப் பின் அதுவே தலைகீழாக நடந்தது. தேர்தலுக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் சம்பளம் அதே, வாடகை அதே. இப்படிப்பட்ட வாய்மொழியை வைத்துக்கொண்டு நிதிக் கொள்கையைத் தீர்மானிக்கச் சொல்கிறீர்களா?

எண்ணும் எழுத்தும்

இந்த இடத்தில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துவிட்டால் விவாதத்தின் பாதிப் புகை விலகிவிடும். உங்கள் வீட்டின் நிலை எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. அமெரிக்க மத்திய வங்கி ஆண்டுதோறும் குடும்பங்களிடம் இரண்டையும் கேட்கிறது. 2019இல் 75 விழுக்காட்டினர் தம் பணநிலை ஓரளவாவது பரவாயில்லை என்றார்கள். 50 விழுக்காட்டினர் நாட்டின் பொருளாதாரம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். 2022இல் முதல் எண் 73 ஆனது, அதாவது அசையவே இல்லை எனலாம். இரண்டாவது எண் 18க்கு விழுந்தது. கட்சிச் சாயம், தொலைக்காட்சி, தேர்தல் கூச்சல் எல்லாம் முதன்மையாக ஏறுவது இரண்டாவது கேள்வியின் மேல்தான். ஏணிக் கேள்வி முதல் வகையைச் சேர்ந்தது. மிச்சிகன் கணிப்பைக் காட்டி ஏணியை நீங்கள் ஒதுக்க முடியாது, வளர்ச்சிப்பாதை அவர்களே.

பாகிஸ்தான் பற்றிய உங்கள் ஐயத்தை நான் மறுக்கவில்லை. நாட்டுக்கு நாடு எண்களைச் சொல்லும் வழக்கம் வேறுபடும். அதனால்தான் அண்டை நாட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஒரே நாட்டின் எண்ணை அதே நாட்டின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள் என்கிறேன். அமெரிக்காவின் சரிவையே பாருங்கள்: 2024 அறிக்கையில் 60 வயதைக் கடந்தவர்களை மட்டும் எடுத்தால் அந்நாடு 10ஆம் இடத்தில் இருந்தது, 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எடுத்தால் 62ஆம் இடம். மூத்தோரும் இளையோரும் பேசுவது ஒரே மொழி, வாழ்வது ஒரே நாடு. பழக்கம், பண்பாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மொத்த உற்பத்தியின் எந்தப் புள்ளிவிவரமும் இந்தப் பிளவைக் காட்டியிருக்காது.

அந்த 18 விழுக்காட்டிலும் வெறும் கட்சிச் சண்டை மட்டும் இல்லை. 2022 சூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 விழுக்காடு, வேலையின்மை 3.6 விழுக்காடு, மிச்சிகன் மனநிலைக் குறியீடு அன்றுவரை காணாத அளவுக்கு 50க்கு இறங்கியது. பின்னர் பணவீக்கம் தணிந்தது, அரசு பெருமூச்சு விட்டது, மக்கள் விடவில்லை. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று பொருளியலாளர் எடுத்துக்கொள்கிறார். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறதே என்று வாங்குபவர் கேட்கிறார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்கிறார். கூலி அந்த விலையை எட்டிப் பிடிக்கும்வரை இந்தச் சண்டை ஓயாது.

சிவப்புத்துண்டு

விலைவாசியைப் பற்றிப் பேசும்போது வேலையின்மை பின்னுக்குப் போய்விடுகிறது. 2001இல் டி டெல்லா, மெக்கலக், ஆஸ்வால்ட் என்ற பொருளியலாளர் மூவரும் ஐரோப்பிய, அமெரிக்க வாழ்க்கைத் திருப்திக் கணிப்புகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். வேலையின்மை ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால் வரும் மனத்துயர், பணவீக்கம் 1.7 விழுக்காட்டுப் புள்ளி கூடினால் வரும் துயருக்குச் சமம் என்று கண்டார்கள். பணவீக்கத்தையும் வேலையின்மையையும் அப்படியே கூட்டி நாட்டின் துயரக் குறியீடு என்று சொல்லும் பழைய வழக்கம் இருக்கிறதே, அது வேலையிழந்தவரின் துயரைக் குறைத்தே எடைபோடுகிறது.

வேலை போனவர் இழப்பது சம்பளம் மட்டுமன்று. இழந்த வருமானத்தை அப்படியே ஈடுகட்டினாலும் அவருடைய நிறைவு முழுமையாக மீள்வதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆனால் அவர் சிறுபான்மை. விலையேற்றமோ எல்லா வீட்டையும் தொடுகிறது. அதனால் விலையேற்றத்துக்கு அஞ்சும் அரசுகள் வட்டியை உயர்த்தி, சிலரின் வேலையைப் பலிகொடுத்துப் பலரின் முணுமுணுப்பை அடக்கப் பார்க்கின்றன. மகிழ்ச்சியை அளந்தால் இந்தப் பேரம் வெளியே தெரியும். வளர்ச்சி விகிதத்தை மட்டும் அளந்தால் தெரியாது.

வளர்ச்சிப்பாதை

தெரியும், ஐயா, வேலையின்மை விகிதத்தை மாதந்தோறும் வெளியிடுகிறார்களே, அதில் தெரியும். அதற்கு ஏணி எதற்கு?

சிவப்புத்துண்டு

எத்தனை பேருக்கு வேலை இல்லை என்பது அதில் தெரியும். அந்த நிலை அவர்களை எத்தனை படி கீழே இறக்குகிறது என்பது தெரியாது. வாரத்தில் சில மணி நேரம் கிடைத்த வேலையையும் வேலை என்றே கணக்கில் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நெடுவழி

பூட்டானைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற கருத்தை 1970களில் முன்வைத்தவர் அந்நாட்டு மன்னர் சிக்மே சிங்கே வாங்சுக். 2008 அரசமைப்பின் 9ஆவது பிரிவில் அதற்கு உகந்த நிலைமைகளை வளர்ப்பது அரசின் கடமை என்றே எழுதிவைத்தார்கள். ஒன்பது களங்கள், 33 குறியீடுகள் என்று அவர்கள் வகுத்த முறை, ஏணிக் கேள்வியைவிட விரிவானது. மனநலம், நேரப் பயன்பாடு, சுற்றுச்சூழல், சமூகப் பிணைப்பு எல்லாம் அதில் வருகின்றன. புதிய திட்டங்களையே அந்த முறையில் சலித்துப் பார்க்கிறார்கள். இது வெறும் முழக்கம் அன்று.

இருந்தும், பெருந்தொற்றுக்குப் பின் பூட்டானின் இளைஞர்கள் பெருந்திரளாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள். ஆசிரியர்களும் செவிலியர்களும் அதில் அடக்கம். காரணம் வேலையும் சம்பளமும். இன்னும் பின்னே போனால், 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் லோட்சம்பா மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு நேபாள முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். யாரைக் கணக்கெடுக்கிறோம் என்பதை அரசு முடிவு செய்யும் வரையில், கணக்கில் வராதவரின் துயரம் எந்தக் குறியீட்டையும் கீழே இழுக்காது. மகிழ்ச்சியை அளப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மழைக்காகம்

நெடுவழி சொன்னது என் கேலியைவிடக் கனமானது. இதற்குத் தொடக்கப் பதிவர் என்ன சொல்கிறார்?

எண்ணும் எழுத்தும்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது மகிழ்ச்சிக் கணக்குக்கு மட்டும் உரிய குறை அன்று. நாட்டு வருமானக் கணக்கின் அடித்தளத்தை அமைத்த சைமன் குஸ்னெட்ஸ், 1934இல் அமெரிக்க மேலவைக்குத் தந்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலனை அதன் வருமான அளவிலிருந்து உய்த்துணர முடியாது என்று எச்சரித்தார். வீட்டில் சமைப்பவர், முதியோரைப் பேணுபவர் ஆகியோரின் கூலியில்லா உழைப்பு இன்றும் மொத்த உற்பத்தியில் சேராது. எந்த அளவுகோலும் யாரையோ வெளியே நிறுத்துகிறது. எனவே ஒன்றின் கையில் மட்டும் தராசைக் கொடுக்கக் கூடாது.

அரசியல்வாதிகள் இதை அசட்டை செய்யவும் முடியாது. ஜார்ஜ் வார்ட் என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து நடந்த ஐரோப்பியத் தேர்தல்களை எடுத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆளுங்கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்தை வளர்ச்சி, வேலையின்மை, பணவீக்கம் ஆகியவற்றைவிட மக்களின் வாழ்க்கைத் திருப்தி நன்றாக விளக்குவதாகக் கண்டார். பொருளாதாரம்தான் தேர்தலைத் தீர்மானிக்கும் என்ற பழைய பாடத்துக்கு இது நல்ல அடி. ஆனால் வாக்கு அந்த எண்ணில் இருக்கிறது என்று தெரிந்ததும், வாழ்க்கையைத் திருத்துவதைவிட எண்ணைத் திருத்துவது எளிது என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு வரும். அதனால் கணிப்பை நடத்தும் அமைப்பு அமைச்சகத்துக்குக் கட்டுப்படாததாகவும், கேள்வி ஆண்டுக்கு ஆண்டு மாறாததாகவும், முடிவுகள் முன்கூட்டியே குறித்த நாளில் சட்டமன்றத்தில் வெளியிடப்படுவதாகவும் இருக்க வேண்டும்.

புள்ளிக்கோலம்

களத்தில் நிற்பவளாக ஒன்றைச் சேர்க்கிறேன்: சராசரியை வெளியிடாதீர்கள், அல்லது அதை மட்டும் வெளியிடாதீர்கள். 0 முதல் 4 வரையிலான படிகளைச் சொல்பவர்கள் எத்தனை விழுக்காடு, அவர்கள் யார், சென்ற ஆண்டு எத்தனை விழுக்காடு என்று வெளியிடுங்கள். எட்டில் இருப்பவர் பத்துக்குப் போனால் அரசு பெருமைப்பட ஒன்றுமில்லை. மூன்றில் இருப்பவர் ஐந்துக்கு வந்தால் பெருமைப்படலாம். சராசரி இரண்டையும் ஒன்றாகவே காட்டிவிடும்.

வளர்ச்சிப்பாதை

இதை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அதன் அருகிலேயே, அடித்தட்டுக் கால்வாசிக் குடும்பங்களின் வருமானம் விலையேற்றத்தைக் கழித்தபின் எவ்வளவு கூடியது என்ற எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மூன்று ஆண்டுகள் கீழே போனால், நான் ஆதரிக்கும் கட்சி ஆட்சியில் இருந்தாலும் தோல்வி என்றே இந்த இழையில் எழுதுவேன். தரவரிசையை மட்டும் கொண்டுவராதீர்கள்.

சிவப்புத்துண்டு

மூன்று ஆண்டுகள் அதிகம். வேலை போனவர் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார். இரண்டு என்று வையுங்கள், கையெழுத்திடுகிறேன்.

வளர்ச்சிப்பாதை

இரண்டு ஆண்டுகளில் ஒரு வறட்சியோ, வெளிநாட்டில் ஒரு போரோ எந்த ஆட்சியையும் கவிழ்த்துவிடும். அண்டை நாடுகளுக்கும் அதே சரிவு ஏற்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் விதியைச் சேர்த்தால் இரண்டுக்கு இறங்கிவருகிறேன்.

புள்ளிக்கோலம்

அண்டை நாடுகளின் எண்ணைச் சேர்த்தால் தரவரிசை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுமே, ஐயா. சரிவின் அளவை மட்டும் ஒப்பிடுங்கள், மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டாம். அப்படியென்றால் எனக்கும் உடன்பாடு.